அடுப்பும் கண்ணாடியும்

வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், பிரபவ ஆண்டு வைகாசி 11, இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அதே நாளில் அங்கே இன்னொன்றும் நடந்தது. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கூடியிருந்தவர்களுக்கு ஓர் உரைநடை நூலின் பகுதி வாசிக்கப்பட்டது. அடிகளே எழுதிய அந்த நூலின் பெயர் ஜீவகாருண்ய ஒழுக்கம். பசித்தவர் வந்தால் இலையைப் போட்டுப் பரிமாற வேண்டியதுதானே, நடுவில் வாசிப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். தொண்டு செய்கிறவர் தன் மனத்தை அறிந்திருக்க வேண்டும், நோக்கத்தில் கறை இருக்கக் கூடாது என்று ஆன்மிக நூல்கள் பலவும் சொல்கின்றன. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. அப்போதுதான் செய்தவருக்குப் பலன் சேரும், மனம் பக்குவப்படும் என்பார்கள். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. செய்தவரின் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்குகிறவரின் இலையில் என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது, யாருடைய இலையில் விழாமலே போகிறது என்பதையெல்லாம் செய்கிறவரின் தன்னறிவு தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. அதைச் சான்றோடு சொல்லப் பார்க்கிறேன்.

எதிர்க்கட்சியை முதலில் முழுப் பலத்தோடு வைத்துவிடுகிறேன். வயிற்றுக்கு வேண்டியது சோறு, போடுகிறவரின் மனம் எப்படி இருந்தால் என்ன? ஓட்டுக்காகப் போட்டாலும், வரிச்சலுகைக்காகப் போட்டாலும், ஊர் மெச்சப் போட்டாலும் சாம்பார் சாதம் சாம்பார் சாதம்தான். மனம் உருகி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவரைவிட, விளம்பர ஆசையில் நூறு பேருக்குப் போடுகிறவர் எவ்வளவோ மேல். இது குறுக்குப் புத்திக்காரர்களின் வாதம் என்று தள்ளிவிட முடியாது. நம் பழைய இலக்கியமும் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் புகழும்போது, இப்போது கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று அறத்தை விலைபேசுகிற வணிகன் இவன் அல்லன் என்கிறார். வள்ளலின் உயரம் அதில் தெரிகிறது, சரி. ஆனால் அவனிடம் யானை பெற்றுப்போன பாணனுக்கு, ஆய் மறுமையை எண்ணியிருந்தாலும் எண்ணாமல் இருந்தாலும் கையில் வந்தது அதே யானைதானே. நோக்கம் பரிசிலை மாற்றியதா என்று புலவர் கேட்கவில்லை. அந்த இடத்திலிருந்து ஒரு படி உள்ளே போனவர் வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள்.

ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒரு தடை எழுப்பப்படுகிறது. எல்லா உயிர்களும் ஒரே இறைவனால் வந்தவை, ஆகவே சகோதரர்கள், ஆகவே ஒன்று வருந்தும்போது மற்றொன்றுக்கு உருக்கம் வருவது இயல்பு என்று நூல் நிறுவுகிறது. அப்படியானால், கண்ணெதிரே ஒருவர் துடிக்கும்போது சிலர் கல்லாக நிற்கிறார்களே, அவர்களுக்கு அந்த உரிமை இல்லாமல் போனது எப்படி என்பது கேள்வி. அவர்கள் கெட்டவர்கள் என்றோ, பழவினை என்றோ வள்ளலார் பதில் சொல்லவில்லை. உரிமை இருக்கிறது, பார்வைதான் கெட்டுவிட்டது என்கிறார். ஆன்ம அறிவு ஒரு கண். அறியாமை என்ற காசம் படர்ந்து அது மங்கிவிட்டது. காசம் என்றால் இங்கே இருமல் இல்லை, கண்ணில் படர்கிற நோய். அந்தக் கண்ணுக்கு உதவியாக மனம் முதலான கருவிகள் கண்ணாடிகளாக இருக்கின்றன. அவற்றுக்கு அவர் போடும் பெயர் உபநயனம். இன்றைய காதுக்கு அது பூணூல் சடங்காக ஒலிக்கும். அவர் சொல்வது துணைக்கண், அதாவது நாம் மூக்கின்மேல் மாட்டுகிற கண்ணாடி. அந்தக் கண்ணாடிகள் தடித்து, ஒளியை உள்ளே விடாமல் போனதால் எதிரே இருப்பவர் சகோதரர் என்பது தெரியாமல் போயிற்று என்கிறது நூல். மனம் அழுக்காக இருந்தால் செய்கிறவருக்குப் பாவம் என்று இங்கே சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிரே இருப்பவர் தெரியமாட்டார் என்றே சொல்லப்படுகிறது. தன்னை அறிவது என்பது இந்தக் கணக்கில், தன் கண்ணாடியில் எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு என்று தெரிந்து வைத்திருப்பது. கண்ணாடியைத் துடைப்பது கண்ணாடிக்காக இல்லையே.

துடைத்த கண்ணாடிக்கு என்னென்ன தெரியும் என்பதையும் அதே நூல் காட்டுகிறது. பசி வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்று வள்ளலார் ஒரு பட்டியல் போடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் இதற்கு ஈடான பக்கங்கள் குறைவு என்பேன். கண் குழிவிழுந்து பஞ்சடைகிறது, காது அடைக்கிறது, நாக்கு உலர்கிறது, பேச்சுக் குளறுகிறது, தோல் மெலிகிறது, வயிறு எரிகிறது என்று தலையிலிருந்து கால்வரை உறுப்பு உறுப்பாகப் போகிறார். பசி என்ற சொல்லைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவருக்கு இது எழுத வராது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கே வரும். அதைவிட முக்கியம், கேட்காதவர்களை அவர் பார்த்திருக்கிறார். உயிரே போனாலும் வாய்விட்டுக் கேட்கக் கூசி, ஊமை கண்ட கனவைப்போல உள்ளுக்குள்ளேயே மறுகுகிற மானிகளைக் குறித்து எழுதுகிறார். வரிசையில் வந்து நிற்பவருக்குப் போடுவது எளிது. வரிசைக்கு வராதவர் யார் என்று தெரிய வேறொரு பார்வை வேண்டும். தனக்கு வருகிற நன்றியை எதிர்பார்த்துப் பரிமாறுகிறவருக்கு, கைநீட்டிக் கும்பிடுகிறவர் தெரிவார், தலைகுனிந்து தூர நிற்கிறவர் தெரியமாட்டார். பசித்து வந்தவரின் தேசம், சமயம், சாதி, செய்கை இவற்றை விசாரிக்காமல் போட வேண்டும் என்று நூல் சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான். விசாரிக்க ஆரம்பித்தால் பரிமாறுகிறவர் தன்னை ஒரு நீதிபதியாகக் காணத் தொடங்கிவிடுவார், அதன்பின் இலையில் இருப்பவர் குற்றவாளிக் கூண்டில் இருப்பவர்தான்.

ஆக, நோக்கம் எதுவானாலும் சோறு சோறுதான் என்கிற வாதம் ஒரு வேளைச் சோற்றுக்குப் பொருந்தும். ஒரு நாள் அன்னதானத்தில் போடுகிறவரின் உள்நோக்கம் வெளியே தெரிய நேரமே இருக்காது. நூற்றுக்கணக்கான நாள் நடக்க வேண்டிய தொண்டில் அது அளவாகவும் நேரமாகவும் வரிசையாகவும் வெளியே வந்தே தீரும். இதற்கு நான் காட்டும் சான்று ஆன்மிக உலகத்தைச் சேர்ந்ததல்ல. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் 1874 சனவரி 30 அன்று அறைக்குள் சென்று மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன், நிலைமையைப் பார்த்து ஆவன செய்ய சர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். டெம்பிள் ஈவிரக்கம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1873-74-இல் வங்காளம், பீகார் பகுதியில் பஞ்சம் தலைகாட்டியபோது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கி, சாவு பெருகாமல் காத்த நிர்வாகத்தில் முதன்மையானவர் அவர்தான். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு ஏச்சு. அரசுப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று இங்கிலாந்தில் அவரைக் கிழித்தார்கள்.

அதே மனிதர் சென்னைக்கு வந்தபோது, நிவாரண வேலை செய்யும் ஆளின் கூலியைக் குறைத்து, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று வைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு அந்தத் தானியம் எப்படிப் போதும்? மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்துக் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது, இடைப்பட்ட மாதங்களை யாரும் திருப்பித் தர முடியவில்லை. முன்பு வாங்கிய கெட்ட பெயரைக் கழுவிக்கொள்ளும் அவசரம் டெம்பிளின் கையை இறுக்கியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. லிட்டன் ஆட்சியின் சிக்கனக் கொள்கையும் மேலிருந்து அழுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பீகாரில் பட்டினியைக் கண்ட கண், சென்னையில் கணக்குப் புத்தகத்தைக் கண்டது. அறிவு குறைந்துவிடவில்லை, அனுபவம் கூடித்தான் இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடி தடித்துவிட்டது, அது இன்னதென்று அந்த மனிதரே நின்று பார்த்ததற்கு அடையாளம் இல்லை. பசித்தவனுக்குப் போடுகிறவரின் மனம் எப்படி இருந்தால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதில் எனக்குத் தெரியவில்லை. மனத்துக்குள் இருப்பதைத் தராசில் நிறுக்க முடியாது என்பார்கள். இங்கே அது தானியத் தராசிலேயே ஏறிவிட்டது.

பெயர் ஆசையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், தொண்டு செய்பவரை மிக எளிதாகப் பிடிக்கிற காசம் அதுதான். வள்ளலாரின் பாடல் தொகுப்பான திருவருட்பா முதன்முதலில் அச்சேறியதும் 1867-இல்தான். அச்சுப் பணி நடந்த காலத்தில் தம் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில், தம் பெயரை இராமலிங்கசாமி என்று போடுவதற்குத் தமக்குச் சம்மதம் இல்லை என்று வள்ளலார் தெரிவித்தார். அந்தப் பெயரில் ஆரவாரம் தொனிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். இதை வெறும் அடக்கம் என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது ஒரு தொழில்நுட்பக் கவலையாகப் படுகிறது. சாமி என்று ஒரு முறை அச்சில் ஏறிவிட்டால், சாலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமியைப் பார்க்க வருவார்கள், பசித்தவர் பின்னால் தள்ளப்படுவார். அவர் பயம் பலித்ததா இல்லையா என்பதை வடலூர் தைப்பூசக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லட்டும். பெரியபுராணத்தில் இதற்கு ஓர் அழகான முன்மாதிரி உண்டு. திங்களூர் அப்பூதி அடிகள் தான் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கு, தான் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டுகிறார். வழிப்போக்கராக வந்த அந்தத் திருநாவுக்கரசரே, உம்முடைய பெயரை வைக்காமல் வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று கேட்க, அப்பூதி அடிகளுக்குக் கோபம் வருகிறது. தண்ணீர் கொடுத்த புகழ் தனக்கு வராமல் போனதே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது சித்திரை வெயிலில் நம் ஊர்களில் மோர்ப்பந்தல் போடுகிறோம். பானை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது, பிளக்ஸ் பேனரில் சிரிக்கிற முகம் மட்டும் முச்சந்தியிலிருந்தே தெரிகிறது. சில பந்தல்களில் திறப்பு விழாப் படம் எடுத்து முடிந்த மறுநாள் பானையும் காலி, வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது. மோர் கொடுத்தவரின் நோக்கம் மோரின் ஆயுளைத் தீர்மானித்துவிட்டது.

இதுவரை கேட்டவர்களில் வள்ளலாரை நன்கு படித்தவர் யாராவது இருந்தால், ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நோக்கம் தூயதாக வேண்டும் என்று அவரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்களே, அவரே ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பலன்களை அள்ளி வீசவில்லையா என்று கேட்பார். உண்மைதான். பசித்தவருக்குச் சோறிடுவதை விரதமாகக் கொண்டால் தீராத வியாதி தீரும், பிள்ளை இல்லாதவருக்குப் பிள்ளை பிறக்கும், ஆயுள் குறைந்தவருக்கு ஆயுள் நீளும் என்றெல்லாம் நூலில் இருக்கிறது. முடமோசியார் அவமதித்த அந்த அறவாணிபம் இங்கே கடை திறந்திருக்கிறதே என்றால் என்ன பதில்? நூல் உருக்கத்தில் தொடங்குகிறது, பலன் பிறகுதான் வருகிறது, உருக்கமே காரணம், பலன் அதைத் தொடர்ந்து வருவது என்று ஒரு விளக்கம் சொல்லலாம். இல்லறத்தார் நிற்கிற இடத்திலிருந்து அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறார் என்று இன்னொரு விளக்கம் சொல்லலாம். நோய் தீர வேண்டும் என்று வந்தவர் நாற்பது நாள் பந்தியில் பரிமாறினால், நாற்பதாவது நாளில் இலையில் உட்கார்ந்தவரின் முகம் தெரியத் தொடங்கலாம் என்பது அந்த விளக்கத்தின் உயிர். இரண்டாவது எனக்கு ஓரளவு சரியாகப் படுகிறது. முழு நிறைவு இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பலனுக்காக வந்தவர் பலன் கிடைக்காதபோது அடுப்படியை விட்டுப் போய்விடும் ஆபத்து அந்தப் பக்கங்களில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என் கட்சி அதனால் பலவீனமாகிவிடவில்லை. ஆசையோடு வருகிறவர், தான் ஆசையோடு வந்திருக்கிறேன் என்று தெரிந்து வந்தால், அவரால் விளையும் கேடு குறைவு. அன்பே உருவாகத் தன்னை நினைத்துக்கொண்டு உள்ளே ஆசையை வைத்திருப்பவரால்தான் பந்தியில் சண்டை வருகிறது.

இன்னொரு தடையும் உண்டு, இது நல்லவர்களிடமிருந்து வருவது. மனத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தால் கை எப்போது வேலை செய்யும், முழுத் தூய்மை வந்த பிறகுதான் தொண்டு என்றால் ஊரே பட்டினியில் போய்விடாதா என்பார்கள். இதற்குப் பதிலும் அருட்பாவிலேயே கிடக்கிறது. பயிர் வாடக் கண்டு தானும் வாடிய அந்த ஒற்றை வரியை மேடையில் சொல்லாதவர் நம் நாட்டில் கிடையாது. அது எந்தப் பாட்டில் வருகிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். பிள்ளைப் பெரு விண்ணப்பம் என்ற நெடும் பதிகத்தில் வருகிறது. தன்னைத்தானே விசாரித்து, எதற்கெல்லாம் பயந்தேன், எங்கெல்லாம் நடுங்கினேன் என்று தந்தையிடம் பிள்ளை ஒப்பிப்பதுபோல் அமைந்த பாட்டு அது. அதில் பணத்தாசை இல்லாததைச் சொல்லும்போது, கைக்கு வந்த பணத்தைக் கிணற்றிலும் குளத்திலும் எறிந்ததாகச் சொல்கிறார். அறிவுள்ள வாசகர் இங்கே திடுக்கிட வேண்டும். கிணற்றில் விழுந்த காசு எத்தனை பேருக்கு ஒரு வேளைச் சோறாகியிருக்கும்? தன் தூய்மையைத் தனக்கு மெய்ப்பிக்கச் செய்கிற காரியத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். ஆனால் அதே கை, வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் தந்த 80 காணி நிலத்தைத் தருமச்சாலைக்காக ஏற்றுக்கொண்டது, சாலைக்கு வந்த பொருளையும் ஏற்றது. காசைத் தொட்டால் தான் அழுக்காவோம் என்ற கவலை, அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலைக்கு முன்னால் பின்வாங்கியிருக்கிறது. அவர் மனத்தைச் சுத்தம் செய்து முடித்துவிட்டு அடுப்புப் பற்றவைத்ததாக நான் படிக்கவில்லை. அடுப்புப் பற்றவைத்த பிறகுதான் எந்தச் சுத்தம் யாருக்குப் பயன்படும் என்பது தெரிந்தது என்று படிக்கிறேன். இது என் வாசிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கடைசியாக மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரனிடம் வருகிறேன். தொண்டருடைய நோக்கத்துக்குச் சீத்தலைச் சாத்தனார் வைத்ததைப்போல் ஒரு சோதனையை வேறு யாரும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. மதுரையில் அம்பலத்தில் தங்கி, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், யாருமற்றவர் எல்லோரையும் கூவி அழைத்து ஊட்டிவிட்டு, மிச்சத்தை உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தவன் ஆபுத்திரன். மழை கொட்டிய ஒரு நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது, சிந்தாதேவி என்ற தெய்வம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தைக் கொடுத்தது. இந்திரன் இறங்கிவந்து வேண்டிய வரம் கேள் என்றபோது அவன் சிரித்தான். அனுபவிப்பவர்கள் மட்டுமே இருக்கிற, கொடுப்பதற்கு வேலையே இல்லாத உன் தேவலோகத்தில் எனக்கென்ன இருக்கிறது என்ற பொருளில் பேசி அனுப்பினான். அவமானப்பட்ட இந்திரன் பழிவாங்கிய விதம் விசித்திரமானது. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்தான். வயல் விளைந்தது, பசி ஒழிந்தது, சோற்றுக்கு வர ஆளில்லை. பசித்தவர் கூடிய அம்பலத்தில் வம்பரும் சூதாடிகளும் கூடினார்கள். ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய் உண்ண வருவார் உண்டா என்று கேட்டு அலைந்தான், யார் இவன் என்று சிரித்தார்கள்.

இந்த இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது கூர்மையானது. நாட்டில் பசி ஒழிந்தால் பசிக்குச் சோறிட்டவன் மகிழ வேண்டுமா, வருந்த வேண்டுமா? நடத்துகிற விடுதி காலியானால், பாடம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகள் தேர்ந்துவிட்டால், நோயாளிகள் குணமாகிவிட்டால் நமக்குள் எழும் அந்தச் சின்ன வெறுமை எதனுடையது? ஆபுத்திரன் அலைந்தானே, அதில் தன் தொழில் போன வருத்தம் ஒரு துளி இருந்ததா? சாத்தனார் சொல்லவில்லை. சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மாய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறியவன், வழியில் மணிபல்லவத்தில் இறங்க, அவன் ஏறிவிட்டதாக நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. மனிதர் இல்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். தன் ஒரு வயிற்றை அவன் காலம் முழுவதும் நிரப்பிக்கொள்ளலாம். பிறர் உயிரைக் காக்காமல் தன் உடலை மட்டும் காத்துக்கொண்டிருக்க அவனுக்கு மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். விடும்போது, ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் மேலே வந்து தோன்று, உயிர்களைப் பேணுகிற அருளறம் உடையவர் எவராவது வந்தால் அவர் கையில் போய்ச் சேர் என்று சொல்லித்தான் விட்டான். வைகாசி முழுநிலா நாளில் அது எழுந்து, மறுபடி நீருக்குள் போய்க்கொண்டிருந்தது, மணிமேகலை அந்தக் கரைக்கு வந்து கைநீட்டும் வரைக்கும்.